பாத்ரூமில் ஒரு பாலன்ஸ் ஷீட்

போன போகிக்கு இரண்டு நாள் முன்னால், என் வீட்டு பாத்ரூமில் நான் செத்துப் போகப் பார்த்தேன். வழுக்கி விழுந்து அல்ல. ஷாக் அடித்தும் அல்ல. சுத்தம் செய்கிற ஆர்வக்கோளாறில்!

மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை ரயிலில் திரும்புகிறாள். 'பாத்ரூம் தரையெல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கு. யாராவது வந்தா மானம் போகுது' என்று அவள் கிளம்பும்போது சொன்னதை ஆறு நாள் மறந்துவிட்டு, ஏழாம் நாள் சாயங்காலம் ஞாபகப்படுத்திக்கொண்டேன். (கல்யாணம் ஆன வாசகர்களுக்கு இது புரியும். ஆகாதவர்கள் குறித்து வைத்துக்கொள்ளவும்.)

ஷெல்ஃபில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று, பிளீச்சிங் பவுடர். இன்னொன்று, டாய்லெட் கழுவுகிற ஆசிட். என் லாஜிக் ரொம்ப எளிமை. பவுடர் நன்றாக வெளுக்கும். ஆசிட் நன்றாக அரிக்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு பளபளப்பு. ஒன்றும் ஒன்றும் இரண்டு. நான் படித்த பி.காமில் இது செல்லுபடியாகும். ஆனால் கெமிஸ்ட்ரியில் ஒன்றும் ஒன்றும் சில சமயம் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் ஆளைக் கொல்லும். இந்த விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது.

கதவைச் சாத்திக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பவுடரைத் தூவி, அதன் மேல் தாராளமாக ஆசிட்டை ஊற்றினேன். 'உஸ்ஸ்' என்றது. 'அட, வேலை செய்யுதே!' என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த மூச்சில் மூக்குக்குள் யாரோ மிளகாயை அரைத்து அடைத்த மாதிரி இருந்தது. தரையிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக லேசான புகை. கண்ணில் தண்ணீர். இருமல், இருமல், அதற்கு மேல் இருமல். கதவுத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துபோனது.

எப்படியோ திறந்துகொண்டு ஹாலில் வந்து விழுந்தேன். நெடி வாசல்வரை போயிருக்கிறது. எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் ரிடையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் ஓடி வந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "குளோரின்!"

நான் திரும்பவும் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து இழுத்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். "தம்பி, தரை நாளைக்கும் இருக்கும். நீங்க இருக்கணும் இல்லையா?"

அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, மூக்கில் ஆக்ஸிஜன், நாலு மணி நேரம் படுக்கை. "இருமல் நின்னா போதும்னு வீட்டுக்குப் போகக்கூடாது. சில பேருக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கறது பல மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாலு மணி நேரமும் வாத்தியார் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார வாத்தியாரால் முடியுமா? பாடம் எடுத்தார்.

பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தவன் நான். அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லது தம்பி. உங்களுக்குச் சீக்கிரம் புரியும். நாங்க ஆக்ஸிஜனேற்ற எண்ணுன்னு சொல்றது கெமிஸ்ட்ரியே இல்லை. அக்கவுண்டன்சி!"

எலெக்ட்ரான் என்கிற கடன்

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

அணுக்கள் நடத்துகிற வியாபாரம் எல்லாமே எலெக்ட்ரானில்தான். ஒருத்தர் கொடுப்பார், இன்னொருத்தர் வாங்குவார். வாங்க ஆள் இல்லாமல் யாரும் கொடுக்க முடியாது. கொடுக்க ஆள் இல்லாமல் யாரும் வாங்க முடியாது. ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட். ஆஹா, இது நம்ம டபுள் என்ட்ரி ஆயிற்றே என்று எனக்கு அந்தப் படுக்கையிலும் ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு சிக்கல். எலெக்ட்ரானுக்கு மைனஸ் சார்ஜ். அதனால் அதைச் சொத்து என்று நினைக்கக்கூடாது. கடன் என்று நினைக்க வேண்டும். ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டால் கணக்கில் ஒன்று குறையும். ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஒன்று கூடும். பூஜ்யத்தில் இருந்தவர் ஒன்று வாங்கினால் −1. ஒன்று கொடுத்தால் +1. இந்த எண்தான் ஆக்ஸிஜனேற்ற எண்.

எண் ஏறினால் ஆக்ஸிஜனேற்றம். இறங்கினால் ஒடுக்கம். அடுத்தவரிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறவர் ஆக்ஸிஜனேற்றி. எலெக்ட்ரானைக் கொடுக்கிறவர் ஒடுக்கி.

பெயரில் ஏன் ஆக்ஸிஜன் வருகிறது? முதன்முதலில் மனிதர்களுக்குத் தெரியவந்த பெரிய பிடுங்கி ஆக்ஸிஜன்தான் என்பதால். இரும்பு துருப்பிடிப்பது, விறகு எரிவது எல்லாம் அதன் கைங்கர்யம். ஆக்ஸிஜனே இல்லாமலும் இதே வேலையைப் பலர் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. தெருவுக்குப் பெயர் வைத்த மரம் விழுந்த பிறகும் 'ஆலமரத்தடித் தெரு' என்றே சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

பாலன்ஸிங் ஃபிகர்

ஒரு பொருளுக்குள் ஓர் அணுவின் எண் என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அக்கவுன்ட்ஸ் பரீட்சையில் கடைசி ஐந்து நிமிஷத்தில் நாமெல்லாம் செய்ததுதான். தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு, தெரியாத இடத்தில் டோட்டல் சரியாக வருகிற மாதிரி ஒரு ஃபிகரைப் போடுவது!

விதிகள் கொஞ்சம்தான். தனியாக நிற்கிற தனிமத்துக்குப் பூஜ்யம். கூட்டுப்பொருளில் சோடியத்துக்கு எப்போதும் +1. ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் +1. ஆக்ஸிஜனுக்குப் பெரும்பாலும் −2. மொத்தக் கூட்டல் பூஜ்யம் வரவேண்டும்.

சாப்பாட்டு உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியம் +1. அப்படியானால் குளோரின் −1. முடிந்தது கணக்கு.

துணி வெளுக்கிற திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் சோடியம் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று, குளோரின் ஒன்று. சோடியம் +1, ஆக்ஸிஜன் −2. டாலியாக வேண்டுமானால் குளோரின் +1.

அதே குளோரின்தான். உப்பில் −1, வெளுக்கும் திரவத்தில் +1. ஒன்றை ரசத்தில் போடுகிறோம், மற்றதைப் பாசி மேல் ஊற்றுகிறோம். வித்தியாசம் இரண்டே இரண்டு எலெக்ட்ரான்.

"இந்த எண்ணை நிஜமான சார்ஜ்னு நினைச்சிடாதீங்க" என்று வாத்தியார் எச்சரித்தார். "பல இடத்தில எலெக்ட்ரானை ரெண்டு பேரும் பங்கு போட்டுத்தான் வச்சிருப்பாங்க. யாருக்கு இழுப்பு ஜாஸ்தியோ அவங்க பேருல முழுசா எழுதிடறோம்."

புரிந்தது. கூட்டுப் பட்டாவில் இருக்கிற நிலத்தை, வீட்டில் செல்வாக்கு உள்ள அண்ணன் பெயரில் எழுதிவிடுகிற சமாசாரம். புத்தகக் கணக்குதான். ஆனால் பிரயோஜனமான புத்தகக் கணக்கு.

குளோரினின் பாஸ்புக்

வாத்தியார் என் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

−1: சாப்பாட்டு உப்பு, டாய்லெட் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்)
0: குளோரின் வாயு
+1: பிளீச்சிங் பவுடர், வெளுக்கும் திரவம்
+3: குளோரைட் உப்புகள்
+5: பொட்டாசியம் குளோரேட் (தீக்குச்சி நுனி)
+7: அம்மோனியம் பெர்குளோரேட் (ராக்கெட்)

ஏன் −1-க்குக் கீழே போகவில்லை? ஏன் +7-க்கு மேலே ஏறவில்லை? குளோரினின் வெளிவட்டத்தில் ஏழு எலெக்ட்ரான்கள். அங்கே மொத்தம் எட்டுக்குத்தான் இடம். ஆகவே ஒன்று வாங்கினால் ஹவுஸ்ஃபுல், −1. இருக்கிற ஏழையும் கணக்கில் இழந்துவிட்டால் காலி, +7. மேலே கூரை, கீழே தரை. நடுவில்தான் நடமாட்டம்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். இந்த பாஸ்புக்கைப் பார்த்தாலே ஆசாமி என்ன செய்வார் என்று ஜோசியம் சொல்லிவிடலாம்.

தரையில் (−1) இருப்பவர் இனி வாங்க முடியாது. வியாபாரம் என்று ஒன்று நடந்தால் கொடுக்கத்தான் முடியும். எனவே அவர் ஒடுக்கி மட்டுமே.

கூரையில் (+7) இருப்பவரிடம் கொடுக்க எதுவும் பாக்கி இல்லை. வாங்கத்தான் முடியும். எனவே அவர் ஆக்ஸிஜனேற்றி மட்டுமே.

நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் போவார். நல்ல கொடையாளி கிடைத்தால் வாங்குவார். தன்னைவிடப் பெரிய பிடுங்கி வந்தால் கொடுத்துவிடுவார். ஆபீசில் சூப்பரின்டெண்ட் மாதிரி. கீழே உள்ளவர்களிடம் அதட்டல், மேலே உள்ளவரிடம் குழைவு. குணம் அவருடையது இல்லை சார், எதிரில் நிற்பவரைப் பொறுத்தது.

குளோரினுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. கந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டத்தில் ஆறு. ஆகவே −2 முதல் +6 வரை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடில் கந்தகம் −2. கொடுப்பது மட்டும்தான் தொழில். கந்தக அமிலத்தில் +6. அங்கே கந்தகம் வாங்க மட்டும்தான் முடியும். நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றை வெளுக்கப் பயன்படுத்தும் சல்ஃபர் டை ஆக்ஸைடில் +4. நடுவாந்தரம். அங்கே எலெக்ட்ரானைக் கொடுத்து வெளுக்கிறது.

ஹைட்ரஜன் பெராக்ஸைடு இன்னும் வேடிக்கை. அதில் ஆக்ஸிஜனுக்கு வழக்கமான −2 இல்லை, −1. தரைக்கு ஒரு படி மேலே. சலூனில் தலைமுடியை வெளுக்கும்போது அவர் வாங்குகிறவர். அதையே அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் ஊற்றுங்கள். அங்கே மாங்கனீஸ் கூரையில், +7-ல் உட்கார்ந்திருக்கிறது. பெராக்ஸைடு பயந்து எலெக்ட்ரானைக் கொடுத்துவிடும். அந்த ஊதா நிறம் கண்ணெதிரே காணாமல் போகும்.

பங்காளிகள் சேர்ந்தால்

சரி, என் பாத்ரூமுக்கு வருவோம்.

பிளீச்சிங் பவுடரை எப்படிச் செய்கிறார்கள்? நீர்த்த சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். சுண்ணாம்பு ஒரு காரம். காரத்தைக் கண்டதும் பூஜ்யத்தில் இருக்கிற குளோரின் தனக்குள்ளேயே பாகப்பிரிவினை செய்துகொள்கிறது. இரண்டு அணுக்களில் ஒன்று மற்றதிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கி −1 ஆகிறது. கொடுத்தது +1 ஆகிறது. கூட்டினால் பூஜ்யம். கணக்கு டாலி.

இதையே சூடான காரத்தில் செய்தால் பிரிவினை வேறு மாதிரி. ஆறு அணுக்களில் ஐந்து −1-க்கு இறங்குகின்றன. ஆறாவது ஒன்று மட்டும் +5-க்கு ஏறிக் குளோரேட் ஆகிறது. ஐந்து மைனஸ், ஒரு ஐந்து பிளஸ். மறுபடியும் டாலி! ஒரு பி.காம் பட்டதாரிக்கு இதைவிட என்ன ஆனந்தம் வேண்டும்?

காரம் இருக்கிறவரை −1-ம் +1-ம் ஒரே டப்பாவில் பிரச்னை இல்லாமல் குடியிருக்கும். நான் என்ன செய்தேன்? அமிலத்தை ஊற்றினேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிற வேலை அது. அமிலம் காரத்தைத் தீர்த்துக்கட்டியது. +1 குளோரின் பிடித்து வைத்திருந்த ஆக்ஸிஜனைத் தண்ணீராக மாற்றி எடுத்துக்கொண்டது. போதாததற்கு, ஊற்றியது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால், மேற்கொண்டு −1 குளோரினையும் கூட்டிக்கொண்டு வந்தது. +1 வாங்கினார், −1 கொடுத்தார், இருவரும் பூஜ்யத்தில் சந்தித்தார்கள். பிரிந்த பங்காளிகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். குடும்பத்துக்கு நல்லது, எனக்கு ஆபத்து. ஏனென்றால் அந்தப் பூஜ்யம்தான் குளோரின் வாயு.

உங்கள் சமையலறையிலும் இதே நாடகத்தின் சாதுவான பதிப்பு ஒன்று உண்டு. நம் நாட்டு அயோடின் உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். அதில் அயோடின் +5. இந்த உப்பின் கரைசலில் கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு (அங்கே அயோடின் −1), துளி அமிலம், கொஞ்சம் கஞ்சி சேர்த்தால் நீலநிறம் வரும். ஒரு +5-ம் ஐந்து −1-ம் சேர்ந்து ஆறு பூஜ்யம். அந்தப் பூஜ்ய அயோடின்தான் கஞ்சியோடு சேர்ந்து நீலமாகிறது. லேபில் உப்பில் அயோடின் எவ்வளவு என்று அளப்பதற்கு அஸ்திவாரமே இந்தக் கணக்குதான்.

முன்னால் மோந்தவர்கள்

குளோரினை முதலில் தயாரித்தவர் ஸ்வீடனில் மருந்துக்கடைத் தொழில் பார்த்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. வருஷம் 1774. அவர் சேர்த்ததும் இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். எதிர்ப்பக்கம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு. அதில் மாங்கனீஸ் +4. அது எலெக்ட்ரானை வாங்கி +2-க்கு இறங்க, குளோரின் கொடுத்துவிட்டுப் பூஜ்யத்துக்கு ஏறியது. ஷீலேவுக்கு இந்தக் கணக்கு தெரிய வாய்ப்பே இல்லை. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-ல். வந்தது ஒரு தனிமம் என்றே அவருக்குத் தெரியாது. 1810-ல் ஹம்ஃப்ரி டேவிதான் அது தனிமம் என்று அடித்துச் சொல்லி, வெளிர்ப் பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார்.

பிரான்சில் பெர்த்தொலே அதை வைத்துத் துணி வெளுக்கக் கற்றுக்கொடுத்தார். பொட்டாசியம் குளோரேட்டையும் அவர்தான் செய்தார். வெடிமருந்தில் வெடியுப்புக்குப் பதில் இதைப் போட்டால் என்ன என்று 1788-ல் எஸோன் என்ற ஊரில் சோதனை செய்தார்கள். லவாய்சியரும் வந்திருந்தார். கலவை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். +5-ல் இருக்கிற குளோரின் எலெக்ட்ரானுக்காக எவ்வளவு பசியோடு இருக்கும் என்பதற்கு அதுதான் முதல் ரசீது.

பிறகு 1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்ரு போர்முனை. ஜெர்மன் ராணுவம் 150 டன்னுக்கு மேல் குளோரினைச் சிலிண்டர்களிலிருந்து காற்றில் திறந்துவிட்டது. குளோரின் காற்றைப் போல் சுமார் இரண்டரை மடங்கு கனம். மேலே பறந்து போகாது, தரையோடு தவழும், பள்ளத்தில் இறங்கும். பதுங்குகுழியில் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்தவர்களைத் தேடிப்போய்ப் பிடித்தது.

இதை வாத்தியார் சொன்னபோது, நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. சரியாகப் புகையின் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்!

தீக்குச்சியும் ராக்கெட்டும்

இதே கணக்கைப் புத்தியோடு பயன்படுத்தினால் எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதற்கு உங்கள் சட்டைப்பையிலேயே சாட்சி இருக்கலாம். தீப்பெட்டி.

குச்சி நுனியில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். குளோரின் +5, வாங்கக் காத்திருப்பவர். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். எண் 0, +5 வரை ஏறலாம், அதாவது ஐந்து எலெக்ட்ரான் கொடுக்கலாம். வாங்குபவரைக் குச்சியிலும் கொடுப்பவரைப் பெட்டியிலுமாகத் தனித்தனி வீட்டில் வைத்திருக்கிறார்கள். உரசுகிற அந்த ஒரு கணத்தில்தான் சந்திப்பு. 'சேஃப்டி மேட்ச்' என்பதில் உள்ள சேஃப்டி இதுதான். சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் கோடிக்கணக்கான பெட்டிகளில் இந்தப் பிரிவினையைத்தான் ஒட்டி அனுப்புகிறார்கள்.

பட்டாசில் அப்படிப் பிரித்து வைக்க முடியாது, எல்லாம் ஒரே உருண்டைக்குள். அதனால்தான் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிக் கலவைக்கு 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. வாங்கத் துடிக்கும் +5-ஐயும், கொடுக்கத் தயாரான 0 கந்தகத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டால், ஓர் உரசல் போதும்.

ராக்கெட் இன்னும் துணிச்சல். பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் சுமார் 138 டன் திட எரிபொருள். அதில் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட். இஸ்ரோ இதைக் கேரளத்தில் ஆலுவாவில் சொந்தமாகத் தயாரிக்கிறது. இந்த ஒரே உப்புக்குள் குளோரின் +7, கூரை. அம்மோனியத்தில் நைட்ரஜன் −3, தரை. மகா பிடுங்கியும் மகா வள்ளலும் ஒரே வீட்டில்!

"அப்ப அது உடனே வெடிக்க வேண்டாமா சார்?" என்று கேட்டேன்.

வாத்தியார் சிரித்தார். "இப்பத்தான் நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்து ஒருத்தனால பணம் கட்ட முடியுமான்னு சொல்லலாம். என்னிக்குக் கட்டுவான்னு சொல்ல முடியுமா?"

இதுதான் இந்த எண்ணின் எல்லை. திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. எண் பெரிதானால் வேகமும் பெரிது என்பதில்லை. தண்ணீரில் கரைத்து ஆறவைத்த +7 பெர்குளோரேட் மகா சோம்பேறி. நாலு ஆக்ஸிஜன்கள் நாலு பக்கமும் மெய்க்காப்பாளர் மாதிரி நிற்க, நடுவில் இருக்கும் குளோரினை யாரும் நெருங்க முடியாது. அதே தண்ணீரில் வெறும் +1 ஹைப்போகுளோரைட் சுறுசுறுப்பாகப் பாசியையும் கிருமியையும் தாக்குகிறது. சின்ன ஆபீஸில் பெரிய டெசிக்னேஷன்காரர் தூங்க, கிளார்க் ஓடியாடி வேலை பார்ப்பதில்லையா?

ஆனால் நெருப்பு வந்துவிட்டால் அந்தத் தூங்குமூஞ்சி எழுந்துகொள்ளும். 1988 மே 4-ம் தேதி அமெரிக்காவில் நெவாடா மாநிலம் ஹெண்டர்சனில், அம்மோனியம் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலை ஒன்று தீப்பிடித்து வெடித்தது. இரண்டு பேர் மாண்டார்கள். பாக்கிப் பணம் மொத்தமும் ஒரே நாளில் வசூலானது.

வீட்டுக்கு வீடு

நண்பர்களே, ஆபீஸ் போய்விட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு வேலையில் வீரம் காட்டுகிற என் இனத்தாருக்குச் சில வார்த்தைகள்.

பிளீச்சிங் பவுடரோ, வெளுக்கும் திரவமோ, அது +1. அதோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள். டாய்லெட் ஆசிட் மட்டும் இல்லை, வினிகர், எலுமிச்சைச் சாறுகூட வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் கூடாது. அதில் வேறு விதமான விஷ வாயு வரும். இன்று ஒன்று என்றால், தரையை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டு, இன்னொன்றை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பித் தவறி நடந்துவிட்டால், உடனே வெளியே வாருங்கள். குனியாதீர்கள், உட்காராதீர்கள், தரையில்தான் அது இருக்கும். திறந்த வெளிக்குப் போங்கள். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாட்டிலை எடுத்து வைக்க, பக்கெட்டை நகர்த்த என்று திரும்பப் போகாதீர்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 'இப்பத் தேவலை' என்று சொல்லிக்கொண்டு தனியாகப் படுத்துத் தூங்காதீர்கள்.

மறுநாள் காலை மனைவி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "பாசி அப்படியேதான் இருக்கு" என்றாள். குரல் மட்டும் சரியாக வரவில்லை. அன்று முழுக்க, நான் இருமினால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஒரு மார்க்கர் பேனா வாங்கிவந்தேன். பவுடர் டப்பாவில் பெரிதாக +1 என்று எழுதினேன். ஆசிட் பாட்டிலில் −1. ஒன்றைச் சமையலறைப் பரணிலும் இன்னொன்றைப் பால்கனி மூலையிலும் வைத்தேன்.

அடுத்த வாரம் வேலைக்கு வருகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னா சார் நம்பரு?" என்று கேட்டார்.

"அவங்க ரெண்டு பேரும் பங்காளிங்கம்மா. பிரிஞ்சு இருக்கிறவரைக்கும்தான் நம்மளுக்கு நல்லது" என்றேன்.

"எங்க வூட்லயும் அதே கதைதான் சார்" என்று சொல்லிவிட்டு, வெறும் சோப்புத் தூளையும் தென்னந்துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணியில் பாசி போய்விட்டது.